ஜன்னலிலிருந்து மிகக் குறைந்த தூரம்

லீலாக்கா அன்னைக்குக் காலையில நாற்காலியில உட்காரவே இல்லை. ஜன்னலுக்குப் போறாங்க, டன்லப் தெருவை எட்டிப் பார்க்குறாங்க, திரும்பி வந்து என் மேசையில இருக்குற ஸ்டேப்ளரை எடுத்து அந்தப் பக்கம் வைக்குறாங்க, மறுபடியும் இந்தப் பக்கம் வைக்குறாங்க. எங்க துப்பறியும் ஆபீஸ் மொத்தமே ரெண்டு மேசை, நடுவுல ஒரு தடுப்பு, தலைக்கு மேல ஒரு ஃபேன். இதுல ஒருத்தர் நடந்தா இன்னொருத்தர் சுவத்தோட ஒட்டிக்கணும்.

நான் அதீஃப். லீலாக்காவோட அசிஸ்டெண்ட். துப்பு துலக்குறது அவங்க வேலை, பார்க்கிங் தேடுறது என் வேலை. அவங்க அப்படி அலைஞ்சா எனக்கும் கால் தரையில நிக்காது.

அலைச்சலுக்குக் காரணம் எதிர்ல உட்கார்ந்திருந்தார். பேர் இராஜரத்தினம். ஷிப்பிங் கம்பெனியில கிளார்க், ஆங் மோ கியோவில வீடு, சட்டை பட்டன் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். அவர் மகள் லக்ஷனாவுக்குப் பதினாறு வயசு, செக் ஃபோர், அதாவது பத்தாவது, படிக்கிறா. முந்தாநாள் பள்ளி விட்டதும் அவ வீடு திரும்பலை. ‘நான் பத்திரமா இருக்கேன், தேடாதீங்க’ன்னு ஒரு மெசேஜ் அனுப்பிட்டு அப்பா நம்பரை பிளாக் பண்ணிட்டா. போட்டிருந்த மரூன் பாவாடை, வெள்ளைச் சட்டை யூனிஃபார்மோட போனவ, மாத்து யூனிஃபார்ம் எல்லாம் அலமாரியில அப்படியே தொங்குதாம்.

“ஓ லெவல் பரீட்சை நடக்குற நேரம். பிள்ளையோட எதிர்காலமே போயிடும்”னு சொல்லி அவர் கண்ணைத் துடைச்சார். எனக்குப் பாவமா இருந்துச்சு.

போலீஸ்ல சொன்னீங்களான்னு லீலாக்கா கேட்டாங்க. ஸ்கூலுக்குத் தெரிஞ்சிடும், பேர் கெட்டுடும்னார். அவ அம்மா எங்கன்னு கேட்டாங்க. அவ போன வருஷமே யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போயிட்டா, பேச்சுவார்த்தை இல்லைன்னார். மகளுக்கு ஒட்டுதலான இடம்னா சிராங்கூன் ரோட்டுல ஒரு டியூஷன் சென்டர், ஷமீமா டீச்சர்னு ஒருத்தங்க நடத்துறாங்க, அவ்வளவுதான் தனக்குத் தெரியும்னார். எழுந்து போறப்ப கதவுப் பிடியில கையை வச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னார். பிள்ளையைப் பார்த்தா நீங்க யாரும் பேச வேணாம், பயந்துடுவா, இடத்தை மட்டும் எனக்கு அனுப்புங்க, மிச்சத்தை நான் பார்த்துக்குறேன்னார்.

நல்ல அப்பான்னு நான் சொன்னேன். லீலாக்கா ஸ்டேப்ளரை இன்னொரு தடவை நகர்த்தி வச்சாங்க.

ஷமீமா டீச்சரோட சென்டர் ஒரு நகைக்கடை மாடியில இருந்துச்சு. படி ஏறுற சுவர் முழுக்க அவங்க கையைக் கட்டிக்கிட்டு சிரிக்கிற படம். கீழே ‘ஏ-மேத்ஸ் இனி பயமில்லை’ன்னு எழுதியிருந்துச்சு. ஏ-மேத்ஸ்னா கூடுதல் கணக்குப் பாடம், எனக்கு இன்னும் பயம்தான். நான் ஏ-மேத்ஸ் எழுதின காலத்துல வாத்தியார் என் பேப்பரைத் திருத்தலை, துக்கம் விசாரிச்சார்.

நேர்ல டீச்சர் படத்தைவிட இளவயசு, படத்தைவிடக் கோபக்காரி. லக்ஷனா வீட்டுல இல்லைன்னு சொன்னதும் முகம் வெளுத்துப் போச்சு. ‘இல்லையே, இன்னைக்குக் காலையில கூட ஹோம்வொர்க் அனுப்பினாளே’ன்னாங்க.

லீலாக்கா நின்ன இடத்துலேயே நின்னாங்க. அன்னைக்கு முதல் தடவையா.

விஷயம் இதுதான். பரீட்சை வாரத்துல அந்தச் சென்டர் பிள்ளைங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாட்சாப் குரூப்புல ஆளுக்கு ஒரு கணக்கு தினம் போடணும், ஸ்டெப் ஸ்டெப்பா எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பணும். விட்டுட்டா மத்தவங்க கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க. லக்ஷனா ஒரு நாள் கூட விட்டதில்லை, வீட்டை விட்டுப் போன பிறகும் விடலை. இந்த ஊர்ல ஒரு பொண்ணு வீட்டை விட்டு ஓடலாம்லா, ஹோம்வொர்க்கை விட்டு ஓட முடியாது.

கையெழுத்து அவளோடதுதானான்னு லீலாக்கா கேட்டாங்க. சந்தேகமே இல்லை, அந்த வால் நீண்ட y வேற யாருக்கும் வராதுன்னாங்க டீச்சர். ஃபோனை எங்க பக்கம் திருப்பிக் காட்டிட்டு, காட்டின வேகத்துல திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. புருவம் சுருங்கிப் போச்சு. நேத்தும் இன்னைக்கும் வந்ததை அவசரத்துல விடையை மட்டும் பார்த்து டிக் போட்டிருக்காங்க. இப்பதான் ஸ்டெப்பைப் பார்க்குறாங்க.

“கை அவளோடது. கணக்கு அவளோடது இல்லை”ன்னாங்க.

எனக்குப் புரியலை. டீச்சர் வெள்ளைப் பலகைக்குப் போனாங்க. நேத்து வந்த கணக்குல 6x² + 7x − 20 அப்படின்னு ஒரு கோவை, அதைக் காரணிப்படுத்தணும். இங்க படிச்ச பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டு குறுக்குக் கோடு போடுவாங்க. இந்தப் பக்கம் ரெண்டு எண், அந்தப் பக்கம் ரெண்டு எண், நடுவுல பெருக்கல் குறி மாதிரி ஒரு கோடு. போன வாரம் வரைக்கும் லக்ஷனாவும் அப்படித்தான் போட்டிருக்கா. நேத்து கோடு இல்லை. நடுவுல இருக்குற 7x-ஐ ரெண்டாப் பிரிச்சு 15x − 8xன்னு எழுதியிருக்கா. அப்புறம் 3x(2x + 5) − 4(2x + 5)ன்னு சோடி சேர்த்து, (3x − 4)(2x + 5)ன்னு முடிச்சிருக்கா. ரெண்டு வழியும் சரி, மார்க்கும் முழுசா கிடைக்கும். ஆனா நடுவுல இருக்கிறதைப் பிரிச்சுப் போடுறது இந்தியாவிலயோ இலங்கையிலயோ படிச்சவங்க பழக்கம். பரீட்சைக்கு முந்தின நாள் யாரும் தானா பழக்கத்தை மாத்த மாட்டாங்க, பக்கத்துல உட்கார்ந்து யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு டீச்சர் பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னாங்க. வேற டியூஷன் டீச்சரா இருந்தா அவங்க பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கன்னு எங்களையே மிரட்டினாங்க.

இன்னைக்குக் காலையில வந்தது இன்னும் வம்பு. இங்கிலீஷ்ல இருந்த கணக்கைத் தமிழ்ல சொன்னா இவ்வளவுதான். ஒரு கட்டடம் வளைஞ்சு நிக்குது, மேலிருந்து பார்த்தா அதோட வளைவு y = x². எதிர்ல இருக்குற ப்ளாக்குல ஒரு ஜன்னல், (0, 3)ங்கிற புள்ளியில. ஜன்னலுக்கு மிகக் கிட்ட இருக்குற இடம் எது? பக்கத்துல படமும் வரைஞ்சிருந்தா, வளைவு முழுக்கக் குட்டிக் குட்டியா கட்டம் போட்டு. டீச்சர் பத்து வருஷக் கேள்வித்தாளையும் கரைச்சுக் குடிச்சவங்க. இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்துலயும் இல்லை, யாரோ சொந்தமா உண்டாக்கினதுன்னாங்க.

லீலாக்காவுக்கு x தெரியாது, y தெரியாது, ஆனா ஒரு ஸ்டெப்புலேர்ந்து அடுத்த ஸ்டெப்புக்கு ஏன் போனேன்னு கேக்கத் தெரியும். ஒவ்வொரு வரியா விரலை வச்சுக் கேட்டாங்க. தூரத்தோட வர்க்கத்தை எழுதினா x² + (x² − 3)². விரிச்சா x⁴ − 5x² + 9. அதை டிஃப்ரென்ஷியேட் பண்ணா 4x³ − 10x, மிகக் குறைஞ்ச தூரம் வேணும்னா அது பூஜ்ஜியம் ஆகணும். அதுவரைக்கும் சரி. அடுத்த வரியில லக்ஷனா 4x³ = 10xன்னு எழுதி, ரெண்டு பக்கமும் ஒரு x-ஐ வெட்டிட்டா. அப்புறம் அந்த வரியையே அடிச்சுட்டு, கீழே 2x(2x² − 5) = 0ன்னு திருத்தி எழுதியிருக்கா.

“வெட்டினா என்ன தப்பு?”ன்னேன். நான் வாழ்க்கை பூரா வெட்டினவன்.

வெட்டினா x = 0ங்கிற விடை சொல்லாமக் கொள்ளாமக் காணாமப் போயிடும்னாங்க டீச்சர். அந்த x = 0 ஜன்னலுக்கு நேர் எதிர்ல இருக்குற இடம். எல்லாரும் அதுதான் கிட்டன்னு நினைப்பாங்க. இன்னொரு தடவை டிஃப்ரென்ஷியேட் பண்ணிப் பார்த்தா அந்த இடத்துல மைனஸ் பத்து வரும், அப்ப அது கிட்ட இல்லை, அக்கம்பக்கத்தைவிட எட்ட. நிஜமாக் கிட்ட இருக்கிறது இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. x = 0 ஏன் விடை இல்லைன்னு காட்டாட்டி மார்க் போயிடும். இந்த x-ஐ வெட்டுற கெட்ட பழக்கத்தை விடுன்னு ஒரு வருஷமா அவகிட்ட கத்தியிருக்காங்க, கேட்டதே இல்லை. யாரோ ரெண்டே நாள்ல கேக்க வச்சிருக்காங்க. அதுதான் டீச்சருக்குப் பொறுக்கலை.

அடிச்ச வரிக்குப் பக்கத்துல பொடியா ரெண்டு வாக்கியம் இருந்துச்சு. லீலாக்காதான் பெரிசு பண்ணிப் பார்த்தாங்க. ‘வெட்டாதே. பொதுவா வெளியே எடு.’ தமிழ்ல. இங்க எந்தப் பிள்ளையும் கணக்கைத் தமிழ்ல யோசிக்காது. காதுல விழுந்ததை அப்படியே எழுதி வச்சிருக்கா.

படி இறங்குறப்பவே லீலாக்கா இராஜரத்தினத்துக்கு ஃபோன் போட்டு, உங்க மனைவி கல்யாணத்துக்கு முந்தி என்ன வேலை பார்த்தாங்கன்னு கேட்டாங்க. ஸ்பீக்கர்ல இருந்ததால எனக்கும் கேட்டுச்சு. அந்தப் பக்கம் மூச்சு வாங்குற மாதிரி ஒரு குரல் வந்துச்சு.

“வள்ளிநாயகி கணக்கு டீச்சர். ஏன்? அவ இங்கயா இருக்கா?”

இன்னும் தெரியலைன்னு சொல்லி வச்சுட்டாங்க. மனுஷன் குரல்ல எவ்வளவு ஆசை பாருங்கன்னு நான் உருகிப் போனேன். பிரிஞ்ச பொண்டாட்டி திரும்பி வந்து பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கா, நாம போய்ச் சேர்த்து வைக்கப் போறோம், குடும்பமே நம்ம ஆபீஸுக்கு லட்டோட வரப் போகுதுன்னேன்.

“இடம் தெரியாம எங்கடா சேர்த்து வைப்ப?”

அது எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இந்த வேலைக்கு வர்றதுக்கு முந்தி நான் சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்ணவன். இந்த ஊர் வீவக ப்ளாக், அதாவது அரசாங்க அடுக்குமாடியெல்லாம் தீப்பெட்டியை நிறுத்தி வச்ச மாதிரி நேரா நிக்கும். குவீன்ஸ்டவுன்ல ஒண்ணு மட்டும் வளைஞ்சு நிக்கும். அந்தத் தாழ்வாரத்துல பிரியாணிப் பொட்டலத்தோட ஓடினா எந்த வீடு எங்க முடியுதுன்னே தெரியாது, அவ்வளவு வளைவு. லக்ஷனா வரைஞ்ச படத்துல குட்டிக் கட்டமெல்லாம் ஜன்னல்ங்க. கணக்கு உண்டாக்கின அம்மா அடுப்படியில நின்னு கண்ணுல பட்டதை வச்சுக் கேள்வி போட்டிருக்காங்க.

லீலாக்கா என்னைப் பாராட்டலை. லிட்டில் இந்தியா ஸ்டேஷன் பக்கம் ஓட ஆரம்பிச்சாங்க, அதுவே பாராட்டு.

ரயில்ல இடம் இருந்தும் அவங்க உட்காரலை. ஊட்ரம் பார்க்குல மாறினப்ப எஸ்கலேட்டர் நகர்றது போதாதுன்னு அதுமேல படி ஏறினாங்க. இன்னைக்குப் பேப்பர் ரெண்டரைக்குன்னு ஷமீமா டீச்சர் சொல்லியிருந்தாங்க. அதுக்குள்ள பொண்ணைப் பார்க்கணும். என் ஃபோன்ல இராஜரத்தினம் விடாம மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருந்தார். எங்க இருக்கீங்க, எந்தப் பக்கம் போறீங்க, ப்ளாக் நம்பர் என்ன, மாடி எது.

வளைஞ்ச ப்ளாக்கோட நடு வயித்துல போய் நின்னோம். கணக்குப்படி ஜன்னல் (0, 3)ல இருக்கு, அதாவது வளைவோட நடுவுக்கு நேர் எதிர்ல. திரும்பிப் பார்த்தா எதிர் ப்ளாக். நேர்ல இருக்குற ஜன்னல் வரிசை ஒண்ணுதான், ஆனா அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் அடுக்கடுக்கா வீடு. எந்த மாடின்னு கணக்குல இல்லை. ஒவ்வொரு கதவா தட்டலாமான்னு கேட்டேன்.

லீலாக்கா துணிக் கம்புங்களைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஜன்னலுக்கு வெளியே நீட்டி வச்ச மூங்கில் கம்புல வீட்டுக்கு வீடு துணி காயுது. ஒரே ஒரு யூனிஃபார்மோட போன பொண்ணு, இன்னைக்குப் பரீட்சை, அதைத் துவைச்சுத்தானே ஆகணும்னாங்க. அவங்க சொல்லி முடிக்கல, மேல ஒரு ஜன்னல்லேர்ந்து கை நீண்டுச்சு. மரூன் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தொங்கின கம்பு மெதுவா உள்ளே போச்சு.

எட்டாவது மாடி. எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு. ஃபோனை எடுத்து ‘கிடைச்சாச்சு சார்’னு டைப் பண்ணி, ப்ளாக் நம்பரும் மாடியும் போட்டு, அனுப்புற பட்டன் மேல விரலைக் கொண்டு போனேன். லீலாக்கா ஃபோனைப் பிடுங்கிட்டாங்க.

“பரீட்சை எத்தனை மணிக்கு?”

“ரெண்டரைக்கு.”

“எங்க?”

“அவ ஸ்கூல்ல.”

“வருவாளா?”

“ஹோம்வொர்க்கே விடாதவ, வராம இருப்பாளாக்கா?”

“அப்ப பொண்ணைத் தேடுற அப்பன் எங்கடா நிக்கணும்?”

அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. பள்ளி வாசல்ல நின்னா பொண்ணு தானா வந்துட்டுப் போறா. அதுக்கு எதுக்கு ஒரு துப்பறியும் ஆபீஸ்? போலீஸ் வேணாம்னார். பிள்ளைகிட்ட பேசாதீங்கன்னார். இடத்தை மட்டும் அனுப்புங்கன்னார். அவருக்குப் பொண்ணு வேணாம், பொண்ணு போற வீடுதான் வேணும். ஃபோனைத் திரும்ப வாங்கி அந்த மெசேஜை அழிச்சேன். இவ்வளவு நேரம் அந்த ஆளுக்காக நான் உருகினதை நினைச்சா எனக்கே என்மேல எரிச்சலா வந்துச்சு.

எட்டாவது மாடியில கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்துச்சு. ஒல்லியான ஒரு அம்மா. லீலாக்கா பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, “அவரோ உங்களை அனுப்பினவர்?”னு கேட்டாங்க. லீலாக்கா பொய் சொல்லலை. ஆமா, ஆனா இடத்தை இன்னும் சொல்லலை, சொல்றதா வேணாமான்னு கேக்கத்தான் வந்தோம்னாங்க. சங்கிலியை எடுக்க அந்தம்மாவுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. வலது மணிக்கட்டு பாதிக்கு மேல மடங்கலை. அம்மா சொன்ன திருத்தமும் பொண்ணு கையெழுத்துலயே இருந்தது ஏன்னு எனக்கு அப்ப விளங்கிச்சு. அது எப்படி ஆச்சுன்னு நாங்க கேக்கலை, புருஷன் முறிச்சதுன்னு அவங்களாவே சுருக்கமாச் சொன்னாங்க. அவங்க இருக்குற பக்கமே அவர் வரக்கூடாதுன்னு கோர்ட் ஆர்டர் இருக்கு. யாழ்ப்பாணம் போனது பொய், இந்த ஊருக்குள்ளயே ஏற்கெனவே ஒரு வீடு மாறியாச்சு.

“இந்த இடமும் தெரிஞ்சா நான் திரும்ப எல்லாத்தையும் விட்டிட்டு ஓட வேணும். பிள்ளை பரீட்சையை முடிக்கட்டும்”னாங்க.

அம்மா தன்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னுதான் லக்ஷனா ஒரு வருஷமா நம்பிக்கிட்டிருந்திருக்கா. பரீட்சை நேரம் மனசு கேக்காம முந்தாநாள் அவங்க பள்ளி வாசல்ல வந்து நிக்க, அப்படியே கூட வந்துட்டா. அப்பா நம்பரை பிளாக் பண்ணினது அம்மா கேட்டுக்கிட்டதாலதான். இப்ப அவ ஈரம் காயாத பாவாடையோட சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தா. கையில கால்குலேட்டர், அதோட மூடியைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே இருந்தா. லீலாக்கா அவகிட்ட நேரா விஷயத்தைச் சொன்னாங்க. அப்பா தேடுறது உன்னை இல்லைன்னு எனக்குத் தோணுதும்மான்னாங்க.

அவ முகம் சிவந்துடுச்சு.

“நோ லா அக்கா. என்னை அவர் ஒரு நாளும் அடிச்சதில்லை. ஆறாவதுல பி.எஸ்.எல்.இ பரீட்சை அப்ப நாலு நாளும் லீவு போட்டு ஸ்கூல் கேட்டுக்கு வெளியேதான் நின்னார். பேப்பர் இருக்குன்னு தெரிஞ்சா வருவார். நீங்க சொல்லிப் பாருங்களேன், ப்ளீஸ்.”

அந்தம்மா மகளோட தலையைத் திருப்பி, அவிழ்ந்திருந்த பின்னலை இடது கையாலயே இறுக்கிவிட்டாங்க. லீலாக்கா அந்தச் சின்ன ஹால்ல ஜன்னலுக்கும் கதவுக்குமா நடந்தாங்க. அப்புறம் நின்னாங்க. சரி, சொல்லிப் பார்ப்போம்னாங்க.

என் ஃபோன்ல மெசேஜை அவங்களே சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணேன். ‘சார், லக்ஷனா கிடைச்சாச்சு. ஏ-மேத்ஸ் பேப்பருக்காக ரெண்டு மணிக்கு ஸ்கூல் வாசல்ல இருப்பா. அவ தங்கியிருந்த வீட்டு அட்ரஸ் வேணும்னா அதே ரெண்டு மணிக்கு எங்க ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கலாம், ஃபோன்ல அனுப்ப எங்களுக்கு அனுமதி இல்லை.’ ஒரு மனுஷன் ரெண்டு இடத்துல நிக்க முடியாது. எங்க நிக்கணும்னு அவரே முடிவு பண்ணட்டும்.

வள்ளிநாயகி தன் கேஸைப் பார்க்குற போலீஸ் அதிகாரிக்கு ஃபோன் பண்ணாங்க. ஸ்ரீநாத்னு பேர், நிதானமான குரல். தான் எங்க ஆபீஸுக்கு வர்றதாவும், கூட வேலை பார்க்குற பெண் அதிகாரியைப் பள்ளி வாசலுக்கு அனுப்புறதாவும் சொன்னார். லீலாக்கா லக்ஷனாவைக் கூட்டிக்கிட்டு டாக்சி ஏறினாங்க. டாக்சி திரும்புறப்ப, இறங்கியிருந்த கண்ணாடி வழியா, அப்பா வந்தா அவர்மேல சத்தம் போட வேணாம்னு போலீஸ்கிட்ட சொல்லுங்கக்கான்னு அவ லீலாக்காகிட்ட சொல்றது கேட்டுச்சு. நான் ரயிலைப் பிடிச்சுத் திரும்பினேன்.

மெசேஜ்ல ரெண்டு நீல டிக் விழுந்திருந்துச்சு. பதில் வரலை. காலையிலேர்ந்து நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பின ஆள் இப்ப கம்முனு இருந்தார்.

ஆபீஸ்ல ஸ்ரீநாத் தடுப்புக்குப் பின்னால லீலாக்கா நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டார். நான் என் மேசையில. ஸ்டேப்ளரை நகர்த்தி வச்சேன், ஃபேனைக் கூட்டினேன், குறைச்சேன். வராதீங்க சார், வராதீங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு கேஸ்ல நாங்க தோத்தா நல்லாருக்கும்னு நான் ஆசைப்பட்டது அன்னைக்குத்தான். லீலாக்காவோட கணக்கு தப்பாப் போகட்டும், அந்த ஆள் ஸ்கூல் வாசல்ல போய் நின்னு மகளுக்கு ஒரு தண்ணி பாட்டில் குடுக்கட்டும். ரெண்டு மணி ஆச்சு. யாரும் வரலை. எனக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்துச்சு.

அப்புறம் படியில ஷூ சத்தம் கேட்டுச்சு.

இராஜரத்தினம் மூச்சு வாங்க நின்னார். கழுத்துப் பட்டன் அவிழ்ந்திருந்துச்சு. அட்ரஸ் எங்கன்னு கையை நீட்டினார்.

“சார், லக்ஷனா வாசல்ல நிக்குறா. உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கா. இப்பவே டாக்சி பிடிச்சா உள்ளே போறதுக்குள்ள பார்த்துடலாம்”னேன். அதை நான் சொல்லியிருக்கக்கூடாது, ஸ்ரீநாத் கோபப்பட்டிருப்பார். ஆனா சொல்லாம இருக்க முடியலை.

“அவ எங்க ஓடிடப் போறா? பேப்பர் வருஷா வருஷம் வரும். நீ அட்ரஸைக் குடு தம்பி.”

“யாரோட அட்ரஸ் சார்?”

“என் பொண்டாட்டியோடதுதான், வேற யாரோடது?”

அவர் பொண்டாட்டி அங்க இருக்காங்கன்னு நாங்க யாரும் அவர்கிட்ட சொல்லவே இல்லை. தடுப்புக்குப் பின்னாலிருந்து ஸ்ரீநாத் எழுந்து வந்தார், தன் கார்டைக் காட்டினார், கோர்ட் ஆர்டர் ஞாபகம் இருக்கா சார்னு மெதுவாக் கேட்டார். இராஜரத்தினம் சட்டுனு முகத்தை மாத்திக்கிட்டு, தன் பிள்ளையைத் தேடித்தான் வந்ததாச் சொன்னார். இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன பேப்பர், எத்தனை மணிக்குன்னு ஸ்ரீநாத் கேட்டார். நான் அனுப்பின மெசேஜ்லயே என்ன பேப்பர்னு இருந்துச்சு. அவர் வாயைத் திறந்தார், யோசிச்சார், என்னைப் பார்த்தார். நான் வேணும்னே ஃபேனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஸ்ரீநாத் அவரைக் கூட்டிக்கிட்டு இறங்கிப் போனார்.

நாங்க ஜெயிச்சுட்டோம். எனக்கு அழுகைதான் வந்துச்சு.

லீலாக்காகிட்டேர்ந்து மெசேஜ் வந்துச்சு. ‘உள்ளே போயிட்டா. எல்லாரும் போன பிறகும் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னா, நான்தான் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினேன். வெளியே வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பா. என்னடா சொல்றது?’

அப்பாவுக்கு டிராஃபிக்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்கன்னு டைப் பண்ணேன், அழிச்சேன். உடம்பு சரியில்லைன்னு போட்டேன், அதையும் அழிச்சேன். கடைசியில, வரலைன்னு சொல்லிடுங்கக்கா, ஏன்னு நானே வந்து சொல்றேன்னு அனுப்பினேன். பேப்பர் முடிய இன்னும் ரொம்ப நேரம் இருந்துச்சு. ஆனாலும் ஆபீஸைப் பூட்டிட்டு அப்பவே கிளம்பிட்டேன். அவ வெளியே வர்றப்ப வாசல்ல ஒரு ஆளாவது கூடுதலா நிக்கட்டும்னு இருந்துச்சு.